வாஸ்து பாத்தாச்சு, பில்லரைப் பாத்தயா?

ஏஞ்சாமி, அகமதாபாத்துல ஒம்பதாவது மாடியில ஊடு பாத்திருக்கறயாமா. உங்கொப்பன் சொன்னான். கெழக்குப் பாத்த வாசல், அக்கினி மூலையில அடுப்பு, கன்னி மூலையில கட்டில். வாஸ்துக்காரரு திசைகாட்டி வெச்சுப் பாத்து, எல்லாம் அம்சமா இருக்குதுன்னு சொல்லிக் காசும் வாங்கிட்டுப் போயிட்டாராமா. நெம்பச் சந்தோசம். மூலை கெடக்குது உடு கண்ணு. அந்த ஒம்பது மாடியும் எது மேல நிக்குதுன்னு பாத்தயா?

"பில்லர் மேலதாங்கப்பாரு. கீழ முச்சூடும் கார் பார்க்கிங். செவுரே இல்லாம, காத்தோட்டமா இருக்குது"ங்கறே.

அந்தக் காத்தோட்டந்தான் என்ற வகுத்தக் கலக்குது.

நான் லாரி ஓட்டின காலத்துல குசராத்துப் பக்கம் நடை போனவன். சங்ககிரி லாரி போகாத ஊரு ஏது? காண்ட்லா துறைமுகத்துல சரக்க எறக்கிட்டு, ரோட்டோரம் கயித்துக் கட்டில்ல ஒக்காந்து டீ குடிப்போம். சனங்க தங்கமானவங்க, டீயிலதான் சக்கரைய வாரிக் கொட்டிருவாங்க. அந்தச் சீமையில 2001 சனவரி 26, குடியரசு நாளன்னைக்கு, காலைல 8 மணி 46 நிமிசத்துக்கு பூமி ஆடுச்சு. 7.7 அளவு. ஒரு நிமிசத்துக்கு மேல நிக்கவே இல்லை. கச்சுச் சீமையில புஜ்ஜு, பச்சாவ், அஞ்சார்னு ஊரு ஊரா மண்ணாப் போச்சு. செத்தவங்க ஏறக்குறைய 20,000 பேரு. நாங்க சரக்கு எறக்கின காண்ட்லாவுல, அடிமண்ணு எளகிக் கொழகொழத்துப் போயி, துறைமுகத்துக் கோபுரக் கட்டடம் ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு நின்னுது.

"அது கச்சுங்கப்பாரு, அகமதாபாத்துக்கும் அதுக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல"ன்னு சொல்லுவே. நெசந்தான். அத்தனை தூரத்துல இருந்த அகமதாபாத்துலயும் 700 பேருக்கு மேல செத்தாங்களே, எங்க செத்தாங்க? பழைய ஊருக்குள்ள சந்து சந்தா மரச்சட்டம் குடுத்துக் கட்டின ஊடுக பல தப்பிச்சுது. வுழுந்து ஆளக் கொன்னது பெரும்பாலும் புதுசாக் கட்டின காங்கிரீட் அடுக்குமாடிக. அதுலயும் எச்சா வுழுந்தது எதுங்கறே? கீழ செவுரு இல்லாம, காருக்கு எடம் உட்டு, காத்தோட்டமா நின்னதுக.

மேல மாடிக்கு மாடி செவுரு இருக்குது. அதனால அது ஒரே பொட்டியா வெறச்சுக்கிட்டு நிக்கும். கீழ மட்டும் வெறும் காலு. பூமி அடியப் புடிச்சு இழுக்கறப்ப மேல இருக்கற பொட்டி மடங்காது. மடங்கறதெல்லாம் அந்தக் காலுதான். சீமாத்துக் குச்சி நாலு நட்டு அது மேல தண்ணித் தொட்டிய வெச்ச கதை. 2002-ல திருத்தின பூமியாட்டக் கட்டட விதியில, இப்படிக் கீழ தெறப்பா உடறதா இருந்தா அந்த மாடித் தூணுக்கு ரெண்டரை மடங்கு கணக்குப் போடுன்னு எழுதி வெச்சாங்க. எழுதினதெல்லாம் நடக்குதான்னு எங்கிட்டக் கேக்காதே, நான் லாரிக்காரன். லாரிக்கு இத்தனை டன்னுதான்னு எழுதியிருக்கறதையும் பாத்தவன்.

கம்பி கட்டறவங்க வேலை செய்யறதப் பாத்திருக்கறயா? கட்டடம் ஏறறப்ப அக்கட்டால போயி சித்தெ நின்னு பாரு. பில்லருக்கு நெட்டுக்குத்தலா தடிக் கம்பி நிக்கும். அதச் சுத்தி ரிங்கு மாட்டிக் கட்டுக்கம்பியில முறுக்குவாங்க. அந்த ரிங்கு சேர்ற முனையிலதான் உன்ற உசுரு இருக்குது. ரெண்டு முனையும் உள்ளாற பாத்து நல்லா வளைஞ்சு, நடுக் காங்கிரீட்டுக்குள்ள வாய வெச்சிருக்கோணும். இஞ்சினியருங்க கணக்குல 135 டிகிரி. வேலை சுருக்கா முடியோணும்னு சதுரமா, 90 டிகிரியில மடக்கி உட்டா என்னாகும்? ஆட்டத்துல வெளிக் காங்கிரீட் பேந்து வுழுந்ததும் ரிங்கு வாயத் தொறந்துக்கும். ரிங்கு தொறந்தா நெட்டுக்கம்பி வெளிய பிதுங்கும். அப்பறம் பில்லராவது, கில்லராவது. பீமும் பில்லரும் சேர்ற எடத்துகிட்ட ரிங்கு நெருக்கமா, நாலு இஞ்சுக்கு ஒண்ணுன்னு வரோணும். அந்தச் சேருமானத்துக்குள்ளயே மாட்டறது கையி போகாத வேலை. அதனாலதான் பலபேரு அதக் கண்டும் காணாம உட்டர்றாங்க. மேல காங்கிரீட் கொட்டிட்டா கடவுளுக்குக் கூடத் தெரியாது. பூமி ஒருத்திக்குத்தான் தெரியும்.

உன்ற கட்டடம் கட்டி முடிஞ்சுதுங்கறே. அப்ப ரிங்க நீ பாக்க முடியாது, காயிதத்தத்தான் பாக்க முடியும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேளு, எந்த இஞ்சினியரு கையெழுத்துப் போட்டாருன்னு கேளு, மண்ணுப் பரிசோதனை பண்ணுனாங்களான்னு கேளு. சபர்மதி கொண்டாந்து போட்ட வண்டல் மேல நிக்கற ஊரு அது. விக்கற ஆளு உன்னைய ஏற எறங்கப் பாப்பான். "சார், நீச்சல் குளம் இருக்குது, ஜிம் இருக்குது"ம்பான். "நல்லதுங்க, நீச்சலடிக்கறப்ப படிச்சுக்கறேன், அந்தக் காயிதத்தக் குடுங்க"ன்னு சொல்லு. வாஸ்துக்காரருக்குக் காசக் குடுக்கறப்ப உங்கையி நடுங்கல. வெளிய இருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரக் கூட்டியாந்து காட்டறதுக்கு மட்டும் ஏன் நடுங்குது?

இதையெல்லாம் கேட்டுட்டு உங்கொப்பன் திண்ணையில ஒக்காந்துக்கிட்டுச் சிரிக்கறான். "நம்மூருல அதெல்லாம் வராதுங்க"ங்கறான். அவனுக்கும் சேத்தே சொல்லிப் போடறேன். 1900 பிப்ரவரி 8, கோயமுத்தூருச் சீமைய ஆட்டுச்சே, ஏறக்குறைய 6 அளவுல, அது எந்த நாட்டுக் கோயமுத்தூரு? 2002-ல போட்ட பூமியாட்ட வரைபடத்துல உன்ற அகமதாபாத்து மூணாம் மண்டலம். சென்னை, கோயமுத்தூரு, சேலம் இதுகளும் அதே மூணுதான். வராதுங்கறவன் மகாராஷ்டிராவுல கில்லாரிக்காரங்களக் கேக்கட்டும். ஆட்டமே வராதுன்னு கடைசி மண்டலத்துல வெச்சிருந்த ஊரு அது. 1993 செப்டம்பர் 30, பிள்ளையாரக் கரைச்சுட்டு வந்து அசந்து தூங்கற நேரம், விடியக்காலம் 3 மணி 56 நிமிசம். 6.2 அளவுதான். ஏறக்குறைய 10,000 பேரு எந்திரிக்கவே இல்லை.

அங்க காங்கிரீட் மாடியா இருந்துது? பூராக் கல்லு ஊடு. மண்ணக் கொழைச்சு கல்ல அடுக்கி, ரெண்டடி மூணடிக்குத் தடிச் செவுரு, மேல மரத்தப் போட்டு அடியடியா மண்ணு. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். ஆட்டத்துக்குச் செவுரு ரெண்டாப் பொளந்துக்கிட்டு, கூரை மொத்தமும் தூங்கறவங்க மேல. அதனால "பழசெல்லாம் கெட்டி"ன்னு எந்தக் கெழவன் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலுஞ் சரி. அதே கச்சுல பூங்கான்னு வட்டமா மண் ஊடு கட்டுவாங்க, மேல லேசாப் புல்லு வேஞ்சிருக்கும். அது பலதும் 2001-ல அசையாம நின்னுது. வட்டமா இருந்தா மூலை கெடையாது, மூலை இல்லாட்டிப் பொளக்காது. அதுக்குத்தான் கேக்கறேன், எட்டு மூலைக்கும் வாஸ்து பாத்தவனே, மூலையே இல்லாத ஊடு நின்னுதே, அதுக்கு உங்காளு என்ன சொல்றாரு?

போகட்டும். இப்ப, ராத்திரி ஒம்பது மணி, நீயும் அம்மிணியும் டிவி பாத்துக்கிட்டு இருக்கறீங்க. தலைக்கு மேல ஃபேன் ஆடுது, அலமாரியில டம்ளரு கிணுகிணுங்குது. என்ன பண்ணுவே?

"ஓடிருவனுங்கப்பாரு."

பேஷா ஓடு. ஆடற படியில ஒம்பது மாடி எறங்கு, பக்கத்து ஊட்டுக்காரங்க மேல மிதி, அவங்க உன்ற மேல மிதிக்கட்டும். படிக்கட்டு சுலபமா ஒடையற எடம், அதனால ஒரே வேலையா முடிஞ்சுரும். காலு வலிச்சா லிஃப்டுல போ. கரண்டு போயி நடுவால நின்னுக்கும், தேடறவங்களுக்கும் எடம் தெரிஞ்சாப்பல இருக்கும். இன்னுங் கொஞ்சம் தெறமைசாலியா இருந்தா செல்லை எடுத்து வீடியோ புடி, லைக்காவது மிஞ்சும்.

நெசத்துக்குச் சொல்றேன், கேட்டுக்க. ஆட்டந் தெரிஞ்ச அந்த நொடியே மண்டி போடு. கெட்டியான மேசை இருந்தா அடியில பூந்து, ஒரு கையில தலையும் பொடனியும் மூடி, இன்னொரு கையில மேசைக் காலைப் புடிச்சுக்க. மேசை நகந்தா நீயும் கூடவே நகரு. மேசை இல்லாட்டி, கண்ணாடி சன்னல், பீரோ இதுகளுக்கு எட்டத்துல உள்செவுத்து ஓரமாக் குறுகி ஒக்காந்து தலைய மூடு. கட்டில்ல படுத்திருந்தா எந்திரிக்காதே, குப்புறப் படுத்துத் தலகாணியத் தலை மேல போட்டுக்க. மண்டி போட வெக்கமா இருக்குதாக்கும்? பொண்ணு கேக்கப் போன அன்னைக்கு மாமனாரு கால்ல வுழுந்தவந்தான நீ. ஆமா, உன்ற ஊட்டு டைனிங் டேபிளு மேல்பலகை கண்ணாடிங்களாமே? அதுக்கடியில மட்டும் பூந்துராதே சாமி.

நெலவுக்கடியில போயி நில்லுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. உன்ற ஊட்டு நெலவு செவுத்துல சொருகின பலகை, அது என்னத்தத் தாங்கும்? கதவு வேற ஆடி மூஞ்சியில அடிக்கும்.

எனக்குக் கணக்கு வேற. நான் தோட்டத்துச் சாளையில கயித்துக் கட்டில்ல கெடக்கறவன். மண் செவுரு, மேல ஓடு, எட்டடியில வாசல், வாசலுக்கு வெளிய களம். நான் உள்ள குந்தியிருந்தா ஓடுந் தூலமும் என்ற மேலதான். வெளிய ஓடறதுதான் எனக்குப் புத்தி. ஒரு எட்டுல வெட்டவெளிக்கு வர்றவன் வரலாம், வெட்டவெளி இல்லாதவன் வரக்கூடாது. சந்தும் பொந்துமா இருக்கற தெருவு வெட்டவெளி ஆகாது. அஞ்சார்ல அன்னைக்குக் குடியரசு நாள் ஊர்வலம். பள்ளிக்கூடத்துக் கொழந்தைக கொடியோட சின்னச் சந்துக்குள்ள நடந்து போகுதுக. ரெண்டு பக்கத்து ஊடும் அதுக மேலயே சரிஞ்சுது. 100-க்கும் மேல கொழந்தைக, கூட வாத்தியாருங்க. அந்த ஊரு பேரு வந்தா எனக்குக் கேலி வராது கண்ணு.

2012 ஏப்ரல் 11-ல சுமத்ராப் பக்கம் 8.6 ஆடுனப்ப சென்னையில ஆபீசுக்காரங்கெல்லாம் திமுதிமுன்னு எறங்கி எங்க போயி நின்னாங்க? அதே கண்ணாடிக் கட்டடத்துக்கு அடியில, கழுத்துல அட்டையத் தொங்க உட்டுக்கிட்டு, அண்ணாந்து அதையே பாத்துக்கிட்டு. வெளிய வந்துட்டாச் செவுரு, கரண்டுக் கம்பி, விளம்பரப் பலகை, மரம் இதுகள உட்டு எட்டப் போகோணும். வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா மெல்ல ஓரங்கட்டி, பாலமும் கம்பியும் இல்லாத எடத்துல நிறுத்தி, உள்ளயே ஒக்காரு. அந்த நேரத்துல மேம்பாலத்துக்கு அடியில நெழலுக்கு நிறுத்தறவன் டிரைவரே அல்ல.

அதெல்லாம் ஒரு நிமிசத்து வேலை. மிச்சம் பூராவும் ஆட்டம் வரதுக்கு முந்தின நாளு வேலை, அதத்தான் ஒருத்தரும் செய்யறதில்லை. இப்ப வாடகைக்கு இருக்கற மணிநகர் ஊட்டுல உங்க படுக்கை ரூமப் பாத்தேன். கட்டிலுக்குத் தலமாட்டுல ஆளு ஒசரத்துக்குப் பீரோ. பீரோ மேல சூட்கேசு, சூட்கேசு மேல கல்யாணத்துக்கு வந்த குத்துவெளக்கு. அதுக்கு மேல அட்டாலியில கிரைண்டரு. ஜப்பான்ல கோபே ஊருல 1995 சனவரி 17 விடியக்காலம் 5 மணி 46 நிமிசத்துக்கு ஆடுச்சு. 6,400 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலான பேரு தூங்கின எடத்துலயே ஊட்டுக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் அடியில நசுங்கினவங்க. நீ தலமாட்டுல பீரோவ வெச்சுக்கிட்டு பாதாள பைரவனுக்குப் பூசை போடறதுல என்ன புண்ணியம்? எல் ஆங்கிள் ரெண்டு வாங்கி, செவுத்துல ஓட்டை போட்டுப் பிளக்கு அடிச்சு, பீரோவ ஸ்க்ரூ போட்டு முடுக்கு. "ஓனர் ஆணி அடிக்க உட மாட்டானுங்க"ன்னா, பீரோ வுழுந்து செவுரு ஒடைஞ்சா எச்சாச் செலவாகுமேன்னு அவனுக்கு நல்லதாச் சொல்லு. கனமான சாமானெல்லாம் கீழ்த்தட்டுக்கு வரட்டும். கீசரும் டிவியும் கெட்டியா முடுக்கியிருக்குதான்னு பாரு.

இன்னொண்ணு. நான் போன பொறவு என்ற போட்டோவக் கண்ணாடி போட்டு, மாலை போட்டு, கட்டிலுக்கு மேல மாட்டிராதே. உசுரோட இருக்கறப்ப உன்னைய ஒரு அடி அடிச்சதில்லை. செத்த பொறவு மண்டைய ஒடைச்ச பேரு எனக்கு வேண்டாம்.

கட்டிலுக்கடியில கெட்டியான செருப்பு ஒரு சோடி, டார்ச் லைட்டு ஒண்ணு கெடக்கோணும். ராத்திரியில ஒடைஞ்ச கண்ணாடி மேல வெறுங்காலுல நடந்துதான் பலபேரு காலக் கிழிச்சுக்கறாங்க. ஒரு விசிலும் வேணும். சிரிக்காதே. இடிபாட்டுல மாட்டினவன் கத்துனா வாயெல்லாம் தூசி, அரை மணியில தொண்டை கட்டிக்கும். விசிலு கட்டாது. அதுவும் இல்லாட்டி கொழாயத் தட்டு. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, மூணு நாளைக்கு வேணுங்கறத மூடி வெச்சு அப்பப்ப மாத்தோணும். கடலைமிட்டாயி, பொரி, உங்கம்மாளுக்கு பிரசர் மாத்திரை, ஆதாரும் பத்திரமும் நகலெடுத்து ஒரு கவருல, பேட்டரியில பாடற ரேடியோ, கொஞ்சம் சில்லறை நோட்டு. கரண்டும் டவரும் போயிட்டா உன்ற கூகுள் பேயிக்கு ஒருத்தனும் ஒரு டீ தர மாட்டான். பையத் தூக்கற எடத்துல வெய்யி. நீ புரோட்டீன் பவுடரத்தான் மொதல்ல எடுத்து வெப்பேன்னு எனக்குத் தெரியும். வெச்சுக்க, தண்ணி இருந்தாத்தான் அதையுங் கரைக்க முடியும்.

ஆட்டம் நின்னதும் கேஸ் ரெகுலேட்டர மூடு. வாசம் அடிச்சா சுவிச்சுல கையே வெக்காதே, தீக்குச்சி ஒரசாதே, சன்னலத் தொறந்துட்டு வெளிய நட. 1923 செப்டம்பர் 1, தோக்கியோவுல மத்தியானச் சோறாக்கற நேரம் பாத்து ஆடுச்சு. அடுப்புத் தீ ஊரெல்லாம் பத்திக்கிச்சு. லட்சம் பேருக்கு மேல போயிட்டாங்க. இன்னைக்கும் அவங்க செப்டம்பர் 1-ஐ ஒத்திகை நாளா வெச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளையிலிருந்து மந்திரி வரைக்கும் மண்டி போட்டுப் பழகறாங்க. நாம மந்திரியக் கண்டா மட்டும் மண்டி போடறோம்.

படியில எறங்கறப்பவும் பாத்து எறங்கு. பெருசு ஒண்ணு ஆடுனா பின்னாலயே சின்னதும் பெருசுமா வரும். கச்சுல மாசக்கணக்குல வந்துது. மொத ஆட்டத்துல விரிசல் உட்ட செவுரு ரெண்டாவதுல வுழும். அதனால பர்சு, சார்ஜர்னு திரும்ப உள்ள போகாதே. ஒடனே எல்லாரையும் போன்ல கூப்புடாதே. நூறு பேரு கூப்புட்டா லைனு செத்துரும். எனக்கு ஒரு மெசேஜ் போடு, "நல்லா இருக்கறோம்"னு. நான் இங்க சங்ககிரியில இருந்து ஒறம்பரை அத்தனை பேருக்கும் தண்டோராப் போட்டர்றேன், அதுக்குத்தான கெழவன் இருக்கறேன். ஆபத்துன்னா 112. வாட்சப்புல "இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் வரும், நாசா சொல்லிருச்சு"ன்னு எவனாவது அனுப்புவான். இந்தத் தேதி, இந்த மணிக்குன்னு சொல்ற வித்தை ஒலகத்துல ஒருத்தருகிட்டயும் இல்லை. அனுப்புனவன் உன்ற சித்தப்பனாத்தான் இருப்பான், உடு.

"எப்பவோ வரப்போறதுக்கு இத்தனை பழமையா"ன்னு நீ கொட்டாவி உடறது இங்க கேக்குது. சுமத்ராவுக்குப் பக்கத்துல சிமெலுவேன்னு ஒரு தீவு. 1907-ல அங்க பூமி ஆடி, கடல் பொங்கிச் சனங்கள வாரிக்கிட்டுப் போச்சு. அப்பத் தப்பிச்சவங்க பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளத்தாங்க: பூமி பலமா ஆடி, கடல் உள்வாங்குச்சுன்னா மலைக்கு ஓடுன்னு. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போன கதை. 2004 டிசம்பர் 26-ல ஆடுனதும் அத்தனை சனமும் மேட்டுக்கு ஏறிட்டாங்க. தீவுல 70,000 பேருக்கு மேல. செத்தவங்க 7 பேரு. நம்ம கரைக்கு அந்த அலை வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நாகப்பட்டணத்துல சொல்றதுக்கு ஒருத்தருகிட்டயும் கதை இல்லை.

ஞாயித்துக்கெழமை உனக்கு லீவுதான? டிரில் மிசின் பக்கத்து ஊட்டுல இருக்கும், கேட்டு வாங்கிப் பீரோவ முடுக்கு. அம்மிணியும் நீயும் ஒருக்கா, கண்ணாடி இல்லாத கெட்டி மேசையாப் பாத்து, அடியில பூந்து பாருங்க. உன்ற தொப்பைக்கு எடம் பத்துதான்னு அப்பத்தான் தெரியும். அந்தப் புது ஊட்டு டிராயிங்க ஒரு இஞ்சினியருகிட்டக் காட்டி, அவரு சொன்னத எழுதி வாங்கி அனுப்பு. நீ கேட்ட அட்வான்ஸ் பணம் இங்க பேங்குலதான் கெடக்குது. அந்தக் காயிதம் வந்து சேரட்டும், அன்னைக்கே நான் பேங்குக்குப் போறேன்.